டேக்வாண்டோவுக்குப் பெயர் வைத்த ஜெனரலை வகுப்பில் ஏன் சொல்வதில்லை?

கேள்வி இது: "என் மகள் டேக்வாண்டோ கற்றுக்கொள்கிறாள். அதைத் தோற்றுவித்தவர் ஜெனரல் சோய் ஹொங் ஹி என்று படித்தேன். மாஸ்டரிடம் கேட்டால், அது 2000 வருஷத்துக் கலை, தனியாள் யாரும் உருவாக்கவில்லை என்கிறார். எது சரி?"

மாஸ்டர் சொன்னதில் பின்பாதி முக்கால்வாசி சரி. முன்பாதி சரியில்லை. டேக்வாண்டோ என்ற சொல்லுக்கே வயது 70 சொச்சம்தான். அந்தச் சொல்லைக் கொண்டுவந்து, அடம்பிடித்து நிலைநிறுத்தி, நாடு நாடாக எடுத்துப் போனவர் சோய். தனி ஒருவராக எல்லாவற்றையும் உருவாக்கினாரா என்றால், இல்லை. ஆனால் பல வகுப்புகளில் அவர் பெயர் காதில் விழாததற்கு அது காரணமில்லை. காரணம் முழுக்க அரசியல். அதைச் சொல்ல அவர் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1918 நவம்பர் 9 அன்று, கொரியாவின் வடகிழக்கு மூலையில் ஹம்கியோங் மாகாணத்தில் பிறந்தார். அப்போது கொரியா முழுவதும் ஜப்பானின் பிடியில் இருந்தது. அவர் பிறந்த பகுதி இன்று வடகொரியா. இதை மனதில் வையுங்கள், பின்னால் தேவைப்படும். நோஞ்சான் பிள்ளை. அப்பா அவரை ஹான் இல் டோங் என்ற ஆசிரியரிடம் தூரிகை எழுத்துக்கலை படிக்க அனுப்பினார். அந்த ஆசிரியரே டேக்யோன் என்ற பழைய கொரிய உதைக் கலையையும் கற்றுக்கொடுத்தார் என்பது சோயின் வாக்கு. இந்த டேக்யோன் பகுதியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பின்னாளில் கலைக்குக் கொரிய வேர் ஒன்று காட்ட வேண்டிய கட்டாயம் வந்தபோது அது ரொம்ப வசதியாகப் பொருந்திக்கொண்டது. எழுத்துக்கலை மட்டும் சந்தேகமில்லாத உண்மை. கடைசிக் காலம் வரை தூரிகை பிடித்து எழுதி மாணவர்களுக்குப் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

1937இல் படிக்க கியோட்டோ போகிறார். போவதற்கு முன் ஊரில் ஒரு மல்லனோடு தகராறு. திரும்பி வந்தால் கை வேறு கால் வேறாகப் பிய்த்து எறிவேன் என்று அவன் மிரட்டியிருக்கிறான். அந்தப் பயத்தில்தான் கராத்தே கற்கத் தொடங்கினேன் என்று சோயே சொல்லியிருக்கிறார். தெருவில் இருக்கும் விளக்குக் கம்பங்களை ஒன்று விடாமல் உதைத்து, மேலே கம்பி அதிர்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பாராம். கொஞ்சம் கூட்டிச் சொன்னதாகவே இருக்கட்டும். ஆனால் ஆளின் சுபாவத்துக்கு அது அச்சாகப் பொருந்துகிறது. குள்ளமான உருவம், எதிரி யார் என்று எப்போதும் தெளிவாக ஒரு ஆளை மனதில் வைத்திருப்பது, இரண்டும் கடைசிவரை மாறவில்லை.

டோக்கியோவில் சூவோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஷோட்டோகான் கராத்தேயில் இரண்டாம் டான் பிளாக் பெல்ட் வாங்கினார். இங்கே கொஞ்சம் நிற்கலாம், உங்கள் கேள்விக்கு இது முக்கியம். 1940களின் நடுவில் சியோலில் 'க்வான்' எனப்படும் பயிற்சிக் கூடங்கள் முளைத்தன. சுங் டோ க்வான், சோங் மூ க்வான், மூ டக் க்வான் என்று பல. அவற்றைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் ஜப்பானில் படிக்கப் போனபோது கராத்தே கற்றவர்கள். ஹ்வாங் கீ போன்ற ஓரிருவர்தான் சீனத் தற்காப்புக் கலையையும் புத்தகங்களையும் வழியாகச் சொன்னவர்கள். அவர்கள் கற்றுக்கொடுத்ததற்கு வைத்த பெயர்கள் 'டாங் சூ டோ', 'கோங் சூ டோ'. இவை என்ன தெரியுமா? கராத்தே என்பதை எழுதும் சீன எழுத்துகளையே கொரிய உச்சரிப்பில் படித்தவை. முதலாவது 'சீனக் கை', இரண்டாவது 'வெறுங்கை'. 35 வருஷம் அடிமையாக இருந்த நாடு, தன்னை ஆண்ட நாட்டின் கலையை அந்த நாடு வைத்த பெயராலேயே பயின்றுகொண்டிருந்தது. அந்தக் கூச்சத்தில் பிறந்ததுதான் 2000 வருஷக் கதை. பழைய கல்லறைச் சுவரோவியத்தில் இருவர் கை ஓங்கி நிற்கிறார்கள், ஆகவே அது டேக்வாண்டோ என்று ஒரு சங்கிலி கோத்துவிட்டார்கள். உங்கள் மாஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்குக் கொடுத்த புத்தகத்தில் அப்படித்தான் இருந்திருக்கும்.

சோயின் கதைக்கு வருவோம். போர் முற்றியபோது ஜப்பான் கொரிய மாணவர்களையும் படையில் பிடித்துப் போட்டது. சோய் பியோங்யாங்கில் இருந்த படைப்பிரிவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே கொரிய மாணவச் சிப்பாய்கள் தப்பியோடிக் கலகம் செய்யப் போட்ட திட்டம் வெளியே தெரிந்து சிறைக்குப் போனார். சிறை அறையிலும் கராத்தே பழகினார், போகப் போகக் காவலர்களும் சேர்ந்துகொண்டார்கள் என்பது அவர் தரப்புக் கதை. 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது, கதவு திறந்தது. 1946 ஜனவரியில் தெற்கில் உருவாகிக்கொண்டிருந்த புதிய ராணுவத்தில் இரண்டாம் லெப்டினன்ட். அங்கிருந்து ஏறுமுகம், மேஜர் ஜெனரல் வரை போனார்.

மற்ற க்வான் ஆசிரியர்களுக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். திறமையில் இவரை மிஞ்சியவர்கள் இருந்தார்கள். சுங் டோ க்வானிலிருந்து இவரிடம் வந்த நாம் டே ஹி என்ற இளம் அதிகாரி அதில் ஒருவர். ஆனால் மற்றவர்களிடம் ஒரு கூடமும் நூறு மாணவர்களும் இருந்தார்கள் என்றால், இவரிடம் ஒரு டிவிஷன் இருந்தது. 1953இல் ஜெஜு தீவில் 29ஆம் காலாட்படைப் பிரிவை அமைத்தார். அதன் சின்னமே கொரிய வரைபடத்தின் மேல் ஓங்கிய ஒரு முஷ்டி. ராணுவத்துக்குள்ளேயே ஓ டோ க்வான் என்று தன் க்வானையும் நாம் டே ஹியை வைத்துக்கொண்டு தொடங்கினார்.

1954இல் அதிபர் சிங்மன் ரீ படைகளைப் பார்வையிட வந்தபோது ஒரு செயல்விளக்கம் நடந்தது. நாம் டே ஹி 13 கூரை ஓடுகளை ஒரே குத்தில் உடைத்தார். ரீ எழுந்து நின்றுவிட்டார். "இது டேக்யோன்தானே?" என்று கேட்டதாகச் சொல்வார்கள். ரீ ஜப்பானை எதிர்த்தே காலம் கழித்தவர். அவர் முகத்தைப் பார்த்து, இல்லை ஐயா, இது ஜப்பான் கராத்தே என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்? சிப்பாய்கள் எல்லோருக்கும் இதைக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார் ரீ.

இனிப் பெயர் வேண்டும். டேக்யோன் என்ற ஒலிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், கராத்தே வாடை வரக் கூடாது. சோயும் நாமும் சீன எழுத்து அகராதியைப் புரட்டினார்கள். 'டே' என்றால் காலால் மிதிப்பது, உதைப்பது. 'க்வொன்' முஷ்டி. 'டோ' வழி, நெறி. டே க்வொன் டோ. 1955 ஏப்ரல் 11 அன்று கூடிய குழு இதை ஏற்றது என்பது சோய் தரப்பு தரும் தேதி. ரீக்கும் பிடித்தது. பெயரில் காலை முன்னால் வைத்துக் கையைப் பின்னால் வைத்தது நல்ல குறிசொல்லாகவும் அமைந்தது. அந்தக் காலத்துப் பயிற்சி பாதிக்கு மேல் கைவேலைதான். உதை இந்த அளவுக்கு வளர்ந்தது பெயர் வைத்த பிறகுதான்.

பெயரை வைப்பது ஒன்று, மற்றவர்கள் வாயால் சொல்ல வைப்பது வேறு. மற்ற க்வான்கள் பழைய பெயர்களை விடவில்லை. 1959இல் கொரிய டேக்வாண்டோ சங்கம் தொடங்கியபோது சோய் தலைவரானார். 1961இல் ராணுவப் புரட்சி வந்ததும் சமரசமாக 'டே சூ டோ' என்று மாற்றிவிட்டார்கள். 1965இல் அவர் மறுபடி சங்கத் தலைவரானதும் செய்த முதல் காரியம் பழைய பெயரைத் திரும்பக் கொண்டுவந்ததுதான். ஒரு சொல்லுக்காக 10 வருஷம் மல்லுக்கட்டிய ஆளை நீங்கள் பிடிவாதக்காரர் என்றும் சொல்லலாம். நான் அதைத்தான் அவருடைய உண்மையான சாதனை என்பேன்.

நடுவில் ஏன் பதவியில் இல்லை? அதுதான் பார்க் சுங் ஹீ விவகாரம். புரட்சி செய்து ஆட்சியைப் பிடித்த பார்க், 1940களின் இறுதியில் ராணுவத்தில் கம்யூனிஸ்ட் தொடர்புக்காக ராணுவ நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டுப் பின்னர் தப்பியவர். அந்த நீதிமன்றத்தில் உட்கார்ந்தவர்களில் தானும் ஒருவன் என்று சோய் சொல்லிவந்தார். இப்போது அதே பார்க் நாட்டின் தலைவர். சோயின் ராணுவ வாழ்க்கை முடிந்தது. 1962இல் அவரைத் தூதராக்கி மலாயாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தண்டனையாக அனுப்பியது டேக்வாண்டோவுக்கு வரமாகிவிட்டது. கோலாலம்பூரில் தூதர் வேலையைவிட இதைத்தான் அதிகம் பார்த்தார் போலிருக்கிறது. 1963இல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் கேட்டுக்கொண்டபடி மெர்டேக்கா அரங்கில் செயல்விளக்கம் நடந்தது. மலாயாவில் சங்கம் உருவானது. கொரியாவுக்கு வெளியே இந்தக் கலை முதலில் வேர்பிடித்த இடங்களில் மலேசியாவும் ஒன்று. நாம் டே ஹி அதே சமயத்தில் தென்வியட்நாமில் சிப்பாய்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். சோயின் முறைக்கே உரிய பயிற்சி வடிவங்களில், அதாவது வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் அசைவுத் தொகுப்புகளில், பலவும் மலேசியாவில்தான் உருப்பெற்றன.

இந்த வடிவங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் அந்த மனிதரை அவருடைய சுயசரிதையைவிட இதில்தான் நேராகப் பார்க்க முடியும் என்று நினைக்கிறேன். கராத்தேயில் கட்டா, உங்கள் மகள் வகுப்பில் அநேகமாகப் பூம்சே, சோய் வழியில் டூல். மொத்தம் 24. ஊழிக்காலத்தோடு ஒப்பிட்டால் மனித வாழ்வு ஒரே நாள், அதற்கு 24 மணி நேரம் என்பது கணக்கு. ஒவ்வொன்றுக்கும் கொரிய வரலாற்றிலிருந்து பெயர். அசைவுகளின் எண்ணிக்கைக்கும் ஒரு காரணம் உண்டு. ஜூங் குன் 32 அசைவு: ஜப்பானின் இட்டோ ஹிரோபூமியைச் சுட்டுக்கொன்ற ஆன் ஜூங் குன் தூக்கிலிடப்பட்ட வயது. சாம் இல் 33: 1919 மார்ச் 1 விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்கள். சே ஜோங் 24: கொரிய எழுத்துகள்.

சூங் மூ என்பது கடற்படைத் தளபதி யி சுன் சின்னின் பட்டப்பெயர். 30 அசைவுகள். வழக்கமாக வலக்கைத் தாக்குதலோடு முடிய வேண்டிய இடத்தில் இது இடக்கைத் தாக்குதலோடு முடிகிறது. அரசனுக்குக் கட்டுப்பட்டே கிடந்து, தன் முழு ஆற்றலைக் காட்டாமலே போரில் செத்துப்போனதற்கு அது அடையாளம் என்று சோய் விளக்கம் எழுதினார். யூ சின் என்ற பழைய கொரியத் தளபதியின் பெயரில் உள்ள வடிவம் இன்னும் ஒரு படி மேல். அந்தத் தளபதி அந்நியப் படையோடு சேர்ந்து சொந்த இனத்தவர் மீதே போர் தொடுத்தது தவறு என்பதைக் காட்ட, ஆயத்த நிலையிலேயே வாளை வலப்பக்கத்திலிருந்து உருவுவது போல நிற்க வைத்தார். வாள் இருக்க வேண்டியது இடுப்பின் இடப்பக்கம் அல்லவா? பிள்ளைகள் கை கட்டி நிற்கும் ஒரு நிலைக்குள் இப்படி ஒரு வழக்கையே வைத்திருக்கிறார்.

அவரும் உள்ளே இருக்கிறார். ஹ்வா ராங் 29 அசைவு. பெயர் சில்லா என்ற பழைய கொரிய நாட்டின் இளம் வீரர்களுடையது, எண் அவருடைய 29ஆம் படைப்பிரிவினுடையது. உல் ஜி 42 அசைவு. ஏன் 42? அதை வடிவமைத்தபோது எனக்கு வயது 42 என்று எழுதிவைத்தார். 7ஆம் நூற்றாண்டுத் தளபதி ஒருவரின் பெயரில் தன் வயதைச் செருகும் துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்! 1959இல் வெளிவந்த அவருடைய முதல் புத்தகத்தில் அது இருக்கிறது. பிறந்த வருஷத்தையே ஒன்று என்று எண்ணும் கொரிய முறையில் அந்த ஆண்டு அவருக்குச் சரியாக 42.

அதே முதல் புத்தகத்தில் 'ஊ நாம்' என்று ஒரு வடிவமும் இருந்தது. அது சிங்மன் ரீயின் புனைபெயர். 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியில் ரீ பதவி இழந்து ஓடினார். அடுத்து வந்த புத்தகத்தில் ஊ நாம் இல்லை. இதை மறக்காதீர்கள், இதேபோல இன்னொன்று வரும்.

1966 மார்ச் 22 அன்று சியோலில் ஒன்பது நாடுகளைச் சேர்த்து சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பைத் தொடங்கினார். சுருக்கமாக ஐடிஎஃப். தென்கொரியாவோடு வியட்நாம், மலேசியா, சிங்கப்பூர், மேற்கு ஜெர்மனி, அமெரிக்கா, துருக்கி, இத்தாலி, எகிப்து. ஆனால் பார்க்கோடு உறவு கெட்டுக்கொண்டே போனது. கலையை ஆட்சியின் கருவியாக்க மாட்டேன் என்றேன், அதனால்தான் என்பார் சோய். அவரே ஜெனரலாக இருந்து ராணுவ அதிகாரத்தால் இதைப் பரப்பியவர் என்பதால் இந்த வாதத்தை நான் அரை மனதோடுதான் கேட்பேன். எப்படியும் 1972இல் கனடாவுக்குப் போய்விட்டார். தலைமையகமும் கூடவே டொரொண்டோ போனது.

சியோல் சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு குக்கிவோன் என்ற தலைமைப் பயிற்சி மையம் திறந்தது. 1973 மே மாதம் கிம் உன் யோங் தலைமையில் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பு என்ற எதிர் அமைப்பு வந்தது. சியோல் தரப்புக்குச் சோயின் வடிவங்கள் ஆகாது. அதனால் பல்க்வே, தேகுக் என்று வேறு பூம்சே வரிசைகள். போட்டி விதியும் வேறானது. மார்புக் கவசம், முகத்தில் குத்தக் கூடாது, உதைக்கே அதிகப் புள்ளி. சோய் வழியில் கையுறையும் காலுறையும் போட்டுக்கொண்டு முகத்திலும் குத்தலாம், ஆனால் பலத்தை அடக்கி அடிக்க வேண்டும். 1980களில் அவர் இன்னொன்றையும் புகுத்தினார். ஒவ்வொரு அசைவிலும் உடம்பு தாழ்ந்து, எழுந்து, மறுபடி இறங்கும் அலை ஓட்டம். கராத்தேயிலிருந்து தன்னை முழுசாகப் பிரித்துக் காட்ட அவர் செய்த கடைசி முயற்சி அது. பழைய மாணவர்களில் சிலருக்கே அது ஒட்டவில்லை. துள்ளிக்கொண்டே போவது போல இருக்கிறது என்று முகம் சுளிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சோயின் பெயரைத் தெற்கில் யாரும் உச்சரிக்கக் கூடாத பெயராக்கியது 1980. அந்த ஆண்டு செயல்விளக்கக் குழுவோடு வடகொரியா போனார். பிறந்த மண், விட்டு வந்த உறவுகள் என்று அவர் பக்கத்து நியாயத்தைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் கொரியப் போரில் வடக்கோடு மோதிய தென்கொரிய ஜெனரல் ஒருவர் கிம் இல் சுங்கின் விருந்தாளியாவதைச் சியோல் எப்படிப் பார்த்திருக்கும்? துரோகி என்ற முத்திரை விழுந்தது. போதாக்குறைக்கு, அப்போதைய தென்கொரிய அதிபர் சுன் டூ ஹ்வானைக் கொல்லும் சதியில் தொடர்பு என்று அவருடைய மகன் சோய் ஜுங் ஹ்வா மீது கனடாவில் வழக்கு. மகன் பல வருஷம் தலைமறைவாக இருந்து, 1991இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

இப்போது அந்த 'இன்னொன்று'. 24 வடிவங்களில் ஒன்றின் பெயர் கோ டாங். பியோங்யாங்கில் சோவியத் படையின் சொல்லுக்குப் பணிய மறுத்து வீட்டுக்காவலில் வைக்கப்பட்டு மறைந்துபோன தேசியத் தலைவர் சோ மன் சிக்கின் புனைபெயர் அது. 1980களில் சோய் அதை எடுத்துவிட்டு 'ஜூச்சே' என்ற புது வடிவத்தை வைத்தார். ஜூச்சே என்பது கிம் இல் சுங்கின் ஆட்சித் தத்துவத்தின் பெயர். அது பொதுவான தத்துவச் சொல்தான் என்று அவருடைய சீடர்கள் வாதாடுவார்கள். சொல் பழையதுதான், சரி. ஆனால் யாரை எடுத்துவிட்டு அதை வைத்தார் என்று பார்த்தால் எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. ஊ நாமை வைத்தார், ஆட்சி போனதும் எடுத்தார். புரவலர் மாறியதும் ஜூச்சே வந்தது. அரசியலுக்கு வெளியே நின்ற கலைஞர் என்று அவரைக் கொண்டாடுபவர்கள் இந்த இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மகனின் அமைப்பு பிற்பாடு கோ டாங் என்ற பெயரைத் திரும்பக் கொண்டுவந்தது தனிக்கதை.

1985இல் ஐடிஎஃப் தலைமையகம் வியன்னாவுக்குப் போனது. 1988 சியோல் ஒலிம்பிக்கில் டேக்வாண்டோ காட்சி விளையாட்டாக இடம்பெற்றது, 2000 சிட்னியில் பதக்க விளையாட்டானது. இரண்டும் உலக டேக்வாண்டோ கூட்டமைப்பின் கையால் நடந்தவை. ஒலிம்பிக் எந்தப் பக்கமோ அரசுப் பணமும் வகுப்புகளும் அந்தப் பக்கம்தானே. இந்தியாவிலும் பள்ளி, மாநிலப் போட்டிகள் என்று போனால் பெரும்பாலும் அந்த வழிதான். அந்த வழிப் பாடத்தில் சோய்க்கு இடமில்லை, இதுதான் உங்கள் மாஸ்டரின் மௌனம்.

2002இல் வயிற்றுப் புற்றுநோய் முற்றியபோது சோய் பியோங்யாங் போனார். ஜூன் 15 அன்று 83 வயதில் அங்கேயே காலமானார். தேசபக்தர்களுக்கான கல்லறைத் தோட்டத்தில் வடகொரிய அரசே அடக்கம் செய்தது. அவர் கண் மூடியதும் ஐடிஎஃப் மூன்றாக உடைந்தது. வடகொரியாவின் சாங் உங் தலைமையில் ஒன்று, மகன் தலைமையில் ஒன்று, கனடாவில் வாழ்ந்த வியட்நாமியரான டிரான் டிரியூ குவான் தலைமையில் ஒன்று. மூன்றும் தாங்களே அசல் என்றன. 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவை ஒட்டி வடகொரிய ஐடிஎஃப் குழுவும் தென்கொரியக் குழுவும் ஒரே மேடையில் உதைத்துக் காட்டின. சோயின் 24ஆவது வடிவத்தின் பெயர் டோங் இல், கொரிய ஒன்றிணைப்பு.

அவர் தோற்றுவித்தவரா என்றால், என் கணக்கு இப்படி: பெயர் அவருடையது, 24 வடிவங்களும் அவற்றைச் சுற்றிய முறையும் அவருடையது. அவற்றிலும் நாம் டே ஹி போன்றவர்களின் உழைப்பு உண்டு, அதற்கு அவர் போதுமான மரியாதை தந்தார் என்று சொல்ல மாட்டேன். ஒலிம்பிக்கில் நீங்கள் பார்க்கும் ஆட்டம் மற்ற க்வான்காரர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் வளர்த்தது. பழைய கராத்தே இரண்டுக்கும் பாட்டனார்.

மகள் எந்தக் கிளை என்று தெரிந்துகொள்ள, முதலில் கற்ற வடிவத்தின் பெயர் என்ன என்று கேளுங்கள். தேகுக் இல் ஜாங் என்றால் சியோல் வழி. சோன் ஜி என்றால் சோய் வழி. அப்படியானால் உடையின் முதுகைத் திருப்பிப் பாருங்கள், எழுத்துகள் ஊசியிலை மரம் போலக் கீழே அகன்று அடுக்கியிருக்கும். இரண்டாவதாக இருந்தால் உங்கள் மாஸ்டர் அவர் பெயர் தெரியாது என்று சொல்ல வழியில்லை. பெல்ட் தேர்வில் கேட்கப்படும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.